12 மில்லிமீட்டரைக் காணவில்லை: என்ஜின் வேலைக்கு வண்டியை விடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

86.7 மில்லிமீட்டர். வெர்னியரின் ஆழமானியைச் சிலிண்டருக்குள் இறக்கி மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் அதே எண்தான். பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்துக்கும் அடியில் நிற்கும் இடத்துக்கும் இடையே உள்ள தூரம் அது. மெக்கானிக்குகள் ஸ்ட்ரோக் என்பார்கள். என் வண்டியில் அது 98.9 ஆக இருந்திருக்க வேண்டும். காணாமல் போன அந்த 12 மில்லிமீட்டருக்காகத்தான் ஐந்து மாதம் வண்டியைப் பட்டறையில் விட்டிருந்தேன். சேமிப்பில் பாதியை எண்ணிக் கொடுத்திருந்தேன்.

பட்டறையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. என்னை ஏமாற்றிய விதத்தை மட்டும் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். இதே வித்தையை வேறு பெயரில் வேறு பட்டறையும் செய்யலாம்.

வண்டி பழைய ஜீப் செரோக்கி. வரிசையாக ஆறு சிலிண்டர் கொண்ட 4.0 லிட்டர் பெட்ரோல் என்ஜின். அமெரிக்க கார் நிறுவனமான ஏஎம்சி உருவாக்கி, கிரைஸ்லர் கைக்கு மாறி, 2006 வரை தயாரிப்பில் இருந்த என்ஜின் இது. என் வண்டியில் இருப்பது 190 குதிரைத்திறன் வகை. இந்த என்ஜினைக் கரடுமுரடான பாதைக்காரர்கள் கொண்டாடுவதற்கு ஒரு காரணம் உண்டு. இதே குடும்பத்தைச் சேர்ந்த பழைய 4.2 லிட்டர் என்ஜினின் கிராங்க் ஷாஃப்ட், அதாவது பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, இதன் பிளாக்கில் உட்காரும். அதைப் போட்டால் ஸ்ட்ரோக் 86.7இலிருந்து 98.9 ஆகிவிடும். சிலிண்டரையும் 98.4 மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டர் அகலமாக போர் செய்தால் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 4.6 லிட்டர். டர்போ எதுவும் வைக்காமலேயே ஒவ்வொரு சுற்றிலும் 16 சதவீதம் கூடுதல் காற்று உள்ளே போகும். அதுவும் கீழ்ச் சுற்றுகளில், பாறை மேல் ஊர்ந்து ஏறும்போது தேவைப்படும் இடத்தில், இழுவை கூடும். இதற்கு ஸ்ட்ரோக்கர் என்று பெயர். பலர் வெற்றிகரமாகச் செய்திருக்கிறார்கள். திட்டத்தில் குறை எதுவும் இல்லை.

என் ஆசையில்தான் கொஞ்சம் குறை இருந்தது. 28 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குல டயர் மாட்டியிருந்தேன். வண்டி மேட்டில் மூச்சு வாங்கியது. என்ஜின் போதவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான், என் ஆக்சிலில் இருந்த 3.55 கியர் விகிதம் அந்த டயரால் 3.01 போல வேலை செய்துகொண்டிருந்தது புரிந்தது. இந்த எண் குறைந்தால் இழுவையும் குறையும். முதலில் மாற்றியிருக்க வேண்டியது ஆக்சில் கியர். நல்ல மெக்கானிக் என்றால் முதல் நாளே இதைச் சொல்லி என்னைத் திருப்பி அனுப்பியிருப்பார். நான் போய்ச் சேர்ந்த இடத்தில் டயரைக் குனிந்துகூட யாரும் பார்க்கவில்லை.

பட்டறைக்காரர் நன்றாகப் பேசுவார். 4.2 கிராங்கின் முன்மூக்கு நீளம், அதை லேத்தில் வெட்டிக் குறைத்தால்தான் கப்பி நேராக உட்காரும் என்று அவராகவே விளக்கினார். பழைய கனெக்டிங் ராடு போடுவதா புதியதா, அதற்கு எந்த பிஸ்டன் பொருந்தும் என்றெல்லாம் அரை மணி நேரம் பேசினார். சொன்னது அத்தனையும் சரியான தகவல். அதில்தான் விழுந்தேன். விஷயம் தெரிந்தவர் வேலையையும் ஒழுங்காகச் செய்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் ஒரு புகைப்படம் அனுப்பினார். கவிழ்த்துப் போட்ட நீல பிளாஸ்டிக் தொட்டியின் மேல் எண்ணெய் மினுமினுக்க ஒரு கிராங்க் ஷாஃப்ட். எதிர் எடை ஒன்றில் சுண்ணக்கட்டியால் போட்ட சரி குறி. “தம்பி, உங்கள் கிராங்க் வந்துவிட்டது. இனி நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்” என்று கீழே எழுதியிருந்தார். நானும் தூங்கினேன். அந்தப் படத்தை நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிப் பெருமை வேறு பட்டேன்.

வண்டியை எடுக்கப் போன அன்று, கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டேன். “அதெல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டது தம்பி, இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது” என்றார். என்ஜின் பிளாக்குக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தது. வால்வு மூடி பளபளத்தது. ஆனால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பழைய புழுதி அப்படியே வளையம் கட்டியிருந்தது. அதைப் பார்த்தேன், பார்த்தும் யோசிக்கவில்லை. 16 சதவீதம் கூடுதல் காற்றை உள்ளே இழுக்கும் என்ஜினுக்குப் பெட்ரோலும் அதே அளவு கூடுதலாக வேண்டும். அதற்குப் பெரிய இன்ஜெக்டர் போட வேண்டும் என்று முதல் சந்திப்பில் அவரே சொல்லியிருந்தார். போட்டிருந்தால் அந்தப் புழுதி அங்கே எப்படி இருக்கும்?

ஓட்டிப் பார்த்தேன். பறந்தது! உண்மையாகவே அப்படித்தான் தோன்றியது. பெடலைத் தொட்டாலே வண்டி துள்ளியது. அவர் செய்திருந்தது இவ்வளவுதான்: காற்று நுழையும் த்ராட்டில் பாடியின் வாயைக் கடைந்து அகலப்படுத்தியிருந்தார். கால் பெடலைக் கால்வாசி அழுத்தும்போதே முன்பு பாதி அழுத்தினால் போகிற காற்று உள்ளே போய்விடும். அதனால் தொடக்கத்தில் வண்டி சீறுவதுபோல் இருக்கும். பெடலைத் தரையோடு மிதித்தால் பழைய என்ஜினுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஏமாந்தது என் கால். ஒரே மேட்டை, ஒரே கியரில், முழுதாக மிதித்து, முன்பும் பின்பும் கடிகாரம் வைத்து ஓட்டியிருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். வேலைக்கு விடும் முன் நான் அப்படி அளந்து வைக்கவில்லை. ஒப்பிட என்னிடம் எதுவும் இல்லை.

கையில் ஒரு தாளும் கொடுத்தார். என்ஜினின் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றிச் சோதித்த அறிக்கையாம். வண்ணக் கோடுகள், கட்டங்கள், எண்கள். நிமிடத்துக்கு 4600 சுற்றில் 265 குதிரைத்திறன், அதே வரியில் முறுக்குவிசை 260 பவுண்ட்-அடி. அதைச் சட்டம் போட்டு மாட்டாததுதான் குறை. பின்னால் தெரிந்துகொண்டேன், அந்தத் தாள் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது. முறுக்குவிசையைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி 5252ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வரும். 260ஐ 4600ஆல் பெருக்கி 5252ஆல் வகுங்கள். 228 கூட முழுதாக வராது. 265 எங்கிருந்து வந்தது? இன்னும் எளிதாகப் பார்க்கலாம். 5252 சுற்றுக்குக் கீழே, பவுண்ட்-அடியில் எழுதிய முறுக்குவிசையைவிடக் குதிரைத்திறன் எண் ஒருபோதும் பெரிதாக இருக்க முடியாது. இரண்டு கோடுகளும் ஒரே அளவுகோலில் வரையப்பட்டிருந்தால் 5252இல்தான் ஒன்றையொன்று வெட்டும். என் தாளில் 4500 பக்கத்திலேயே வெட்டிக்கொண்டன. எந்த இயந்திரத்திலிருந்தும் வந்த தாள் இல்லை அது. யாரோ உட்கார்ந்து வரைந்தது.

ஆறு வாரம் கழித்து என்ஜினிலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் தொடங்கியது. “புது என்ஜின், பழகினால் சரியாகிவிடும்” என்றார் தொலைபேசியில். அடுத்த முறை, நீண்ட ஏற்றத்தில் ஊர்ந்து ஏறி மேலே நிறுத்தியபோது ஆயில் அழுத்தம் 8 பவுண்டுக்கு இறங்கிவிட்டது. இந்த என்ஜின் சும்மா ஓடும்போது சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 13 பவுண்ட் காட்ட வேண்டும். முழுதாகப் புதிய பேரிங் போட்டதாகச் சொன்ன என்ஜின் அது.

ஆயில் ஃபில்டரைக் கழற்றி, தகரத்தை வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை விரித்து வெயிலில் பிடித்தேன். மடிப்புக்கு மடிப்பு வெள்ளித் தூள். காந்தத்தைக் கொண்டுபோனதும் முடி முளைத்ததுபோல் எழுந்து ஒட்டிக்கொண்டது. பேரிங்கின் மென்உலோகம் காந்தத்தில் ஒட்டாது. இது இரும்பு, வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்டிலிருந்தோ அதன்மேல் உரசி ஓடும் டேப்பட்டிலிருந்தோ உதிர்வது.

அதன்பிறகு அந்தப் பட்டறை வாசலை மிதிக்கவில்லை. லேத் வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அதிகம் பேசாதவர். இந்த என்ஜினில் டேப்பட்டை வெளியே எடுக்க வேண்டுமானால் சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றினார். இரண்டு டேப்பட்டுகளை எடுத்துத் துடைத்து, அடிப்பாகத்தோடு அடிப்பாகம் சேர்த்து என் கையில் கொடுத்தார். டேப்பட்டின் அடிப்பாகம் கண்ணுக்குத் தெரியாத அளவு குவிந்திருக்கும். அதனால் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் லேசாக ஆடும். இவை ஆடவில்லை. நடுவில் குழி; விரல் நகம் அதில் தட்டுப்பட்டது. “கேம் புதுசு, டேப்பட் பழசு. பழைய டேப்பட் புதுக் கேமைத் தின்றுவிடும்” என்றார். புதிய கேமுக்குப் புதிய டேப்பட்தான் போட வேண்டும். முதன்முதலாக ஓட வைக்கும்போது துத்தநாகச் சேர்மம் கூடுதலாக உள்ள ஆயில் ஊற்றி, 2000 சுற்றுக்குக் குறையாமல் இருபது நிமிடமாவது ஓட்ட வேண்டும். என் என்ஜினை அவர்கள் முதன்முதலில் ஓட வைத்த காணொளி என்னிடம் இருக்கிறது. சும்மா ஓட விட்டுவிட்டு நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஹெட் திறந்து கிடக்கிறதே, எதற்கும் ஸ்ட்ரோக்கை அளந்து பார்க்கலாமா என்று நான்தான் கேட்டேன். பெரியவர் வெர்னியரை என்னிடமே நீட்டிவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். சிலிண்டரின் விட்டமும் 98.4தான், போர் செய்யவே இல்லை, சுவரை லேசாகத் தேய்க்கும் ஹோனிங் கல்லை மட்டும் ஓட்டியிருந்தார்கள். பிஸ்டன் தலையில் பெரிய அளவுக்கான முத்திரை எதுவும் இல்லை. கரியைச் சுரண்டிய கம்பித் தூரிகையின் கீறல்தான் இருந்தது. ஆயில் தொட்டியைக் கழற்றிப் பார்த்தபோது மெயின் பேரிங் ஏழில் இரண்டு மட்டும் புதியவை.

எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு பட்டறைக்காரரிடம் போனேன். அவர் குரல்கூட உயரவில்லை. பில்லை எடுக்கச் சொன்னார். அதில் ஒரே ஒரு வரி: “என்ஜின் வேலை, முழுமை.” கிராங்க் என்ற சொல் இல்லை, 4.6 என்ற எண் இல்லை, பிஸ்டன் அளவு இல்லை. கீழே சிறிய எழுத்தில், தார்ச்சாலைக்கு வெளியே ஓட்டினால் உத்தரவாதம் செல்லாது என்று இருந்தது. மலையேறுவதற்காகவே என்ஜின் கட்டிக்கொடுக்கிற பட்டறையின் உத்தரவாதம்! “வாயால் பேசியதற்கெல்லாம் நான் பொறுப்பா தம்பி?” என்று கேட்டார். தேநீர் சொல்லட்டுமா என்றும் கேட்டார். அதுதான் இன்னும் ஆறவில்லை.

நீங்கள் இந்த வேலைக்கு வண்டியை விடப் போகிறீர்கள் என்றால், பில்லில் பாகம் பாகமாக எழுத்தில் வாங்குங்கள்: கிராங்கின் வார்ப்பு எண், பிஸ்டன் அளவு, ஒவ்வொரு பேரிங்கின் இடைவெளி. ஹெட்டை மூடும் நாளைச் சொல்லச் சொல்லி, அன்று வெர்னியரோடு நேரில் போய் நில்லுங்கள். அதற்கு மறுக்கிறவரிடம் வண்டியை விட வேண்டாம். மூடிய பிறகு அளப்பது கடினம். இந்த என்ஜினில் ஸ்பார்க் பிளக் துளை சாய்வாக இருப்பதால் குச்சியை விட்டு அளந்தால் சரியான எண் வராது. ஆனால் அதே துளை வழியாகச் சிறிய கேமராவை விட்டு பிஸ்டன் தலையில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பழைய பாகங்களைக் கொடுத்த பிறகுதான் கடைசித் தவணை என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். புகைப்படம் கேட்டால் கிராங்கை உங்கள் பிளாக்குக்குள் வைத்து, பிளாக் எண்ணும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. போன மாதம் ஒரு மலைப்பாதையில் இன்னொரு செரோக்கிக்காரரைச் சந்தித்தேன். தனக்கும் ஸ்ட்ரோக்கர் தயாராகிக்கொண்டிருக்கிறது என்று உற்சாகமாகத் தொலைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். கவிழ்த்துப் போட்ட நீலத் தொட்டி. எண்ணெய் மினுமினுக்கும் கிராங்க். எதிர் எடையில் சுண்ணக்கட்டியில் அதே சரி குறி. நான் என் தொலைபேசியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.