வேலிக்கு எந்த முள்: கிளாவா, காகிதப்பூவா?

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் என் வளவின் கிடுகு வேலி உக்கிப்போனதும் முள்வேலி நடுவதென்று முடிவெடுத்தேன். கட்டாக்காலி மாடும் தேங்காய்க் கள்ளனும் வரக்கூடாது, கொண்டைக்குருவி வரவேண்டும். இரண்டையும் ஒரே செடியிடம் கேட்டதுதான் சிக்கல்.

எல்லோரும் முதலில் காட்டியது காகிதப்பூவை. மணலிலும் வறண்ட கச்சான் காற்றிலும் வாடாது, தடி வெட்டி நட்டாலே பிடித்துவிடும், முள்ளும் பொல்லாதது. ஆனால் பழந்தின்னிக்கு அதில் ஒன்றுமே இல்லை. நாம் பூவென்று மயங்குவது நிறமேறிய இலைகள். நடுவிலுள்ள சின்னக் குழல்தான் பூ. கூடு கட்ட இடம் தரும், சோறு போடாது.

நாயுண்ணி நேர்மாறு. அதன் கருநீலப் பழத்தைக் குருவிகள் ஓயாமல் தின்னும். எச்சமிட்ட இடமெல்லாம் முளைக்கும். இலையைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெடும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மாடு வளர்ப்பவர்களிடம் இதை நடப்போவதாகச் சொல்லிப் பாருங்கள்! இலந்தையோ வேலியாக நிற்கச் சம்மதிக்காது, விட்டால் மரமாகிவிடும். பழுத்தால் குருவிக்கு முன்பே பள்ளிப் பிள்ளைகள் ஏறிவிடுவார்கள்.

ஆகவே கிளா, களாக்காய் காய்க்கும் முட்செடி. இரண்டிரண்டாய் நிற்கும் முள் அங்குலத்துக்கு மேல் நீளும். சிலவற்றின் நுனி கவராகவும் பிளந்திருக்கும். வறட்சியைத் தாங்கும். வெள்ளைப் பூ மணக்கும், பழுத்துக் கறுத்த காய் குருவிக்கு, புளிப்புக் காய் நமக்கு ஊறுகாய்க்கு. குறை, வளர்ச்சி மெதுவானது. மாரி தொடங்கும்போது இரண்டடிக்கு ஒன்றாக நட்டு, இளம் குருத்தைக் கிள்ளினால்தான் அடியிலிருந்தே கிளைத்து அடைக்கும். அதுவரை முட்கம்பிதான் காவல்.

இன்னொன்றை யாரும் சொல்லித் தரவில்லை. கிளா கொப்பு நுனியில்தான் பூக்கும். வேலி அழகாகத் தெரியவேண்டுமென்று நான்கு பக்கமும் சீராக வெட்டினால் பூவும் காயும் கத்தரிக்கோலோடு போய்விடும். ஒரு வருடம் அப்படியே செய்து, காயில்லாத வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது தெருப்பக்கம் மட்டும் இறுக்கி வெட்டுகிறேன். உட்பக்கம் பறவைகளின் பங்கு. கூடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே கத்தரிக்கோலை எடுக்கிறேன். வெட்டுவாயில் வடியும் பாலுக்குப் பழைய சட்டைதான் பொருத்தம்.

படலைக்கு மேல் மட்டும் ஒரு காகிதப்பூ நிற்கிறது. அது மனைவியின் தீர்ப்பு. மேன்முறையீடு செய்யும் எண்ணம் எனக்கில்லை.