சென்னபட்டணா மரக் கிலுகிலுப்பை: எப்போது கொடுக்கலாம், எதைப் பார்த்து வாங்கலாம்

பெங்களூரு எம்.ஜி. ரோட்டில் கர்நாடக அரசின் கைவினைக் கடையான காவேரி எம்போரியத்திலும் மைசூரு சாலையில் உள்ள சென்னபட்டணா ஊர்க் கடைகளிலும் கிடைக்கும் இந்தக் கிலுகிலுப்பை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அருமையான பொருள். வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்கைத் தேய்த்து நிறமேற்றுகிறார்கள்.

பிறந்த குழந்தைக்கு 20–30 செ.மீ. தூரத்தில் இருப்பதே ஓரளவு தெளிவாகத் தெரியும். முதல் இரண்டு மாதம் நீங்களே அந்தத் தூரத்தில் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கண் பின்தொடரும்வரை காத்திருங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று அர்த்தம், நிறுத்திவிடுங்கள். மூன்றாம் மாதம் கையில் வைத்தால் பிடிக்கும், விடத்தான் தெரியாது. நாலைந்து மாதத்தில் தானே எட்டிப் பிடிக்கும். ஆட்டினால் சத்தம் வருகிறது என்று கண்டுகொண்டு திரும்பத் திரும்ப ஆட்டும்போது கண், காது, கை மூன்றுக்குமான நரம்பிணைப்புகள் சேர்ந்து இயங்கி வலுப்படுகின்றன. பயன்படாதவை நாளடைவில் கழிகின்றன. மூளையின் பார்வைப் பகுதியில் இந்த இணைப்புகள் முதல் வயதுக்குள் உச்சத்தைத் தொடும். திட்டமிடும் முன்மூளையிலோ இப்படிக் கழிவது பதின்பருவம் தாண்டியும் நடக்கும். அதனால் ‘மூன்று வயதுக்குள் விட்டால் போச்சு’ என்று பொம்மை அட்டைப்பெட்டியில் எழுதிப் பயமுறுத்துவதை நம்ப வேண்டாம்.

கிலுகிலுப்பையை ஆட்டிவிட்டு குழந்தை உங்களைப் பார்க்கும். அப்போது “ஆட்டிட்டியா கண்ணு?” என்று பதில் சொல்லுங்கள். எந்தப் பொம்மையாலும் முடியாதது அதுதான். ஆறேழு மாதக் குழந்தை பல மொழிகளின் ஒலிகளையும் பிரித்தறியும். ஒரு வயதை நெருங்கும்போது, கேட்டுப் பழகிய மொழிகளின் ஒலிகளில்தான் காது கூர்மையாகும். வீட்டில் தமிழ், பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் கன்னடம் என்றால் தாராளமாகப் பேசட்டும், குழந்தை குழம்பாது.

இனி குறைகள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சென்னபட்டணா பொம்மைகளைப் போல, ஓர் ஊருக்கே உரியவை என்று புவிசார் குறியீடு பெற்ற பொருட்களுக்கு விலக்கு உண்டு என்பதால் முத்திரை இல்லாமலும் வரலாம். அப்படியானால் சோதிப்பது உங்கள் பொறுப்பு. முனைக் குமிழை முறுக்கி இழுங்கள். அசைந்தால் வாங்காதீர்கள், 3.2 செ.மீ.க்குச் சிறிய துண்டு தொண்டையில் அடைக்கும். ஈர வெள்ளைத் துணியால் தேயுங்கள், நிறம் ஒட்டினாலும் பெயின்ட் வாடை அடித்தாலும் வேண்டாம். பிடி பெரியவர் விரல் தடிமனுக்குள் இருக்கட்டும். கனமானதை ஆட்டினால் குழந்தை தன் முகத்திலேயே அடித்துக்கொள்ளும்.

பால் புட்டியோடு சேர்த்துக் கொதிக்க வைக்காதீர்கள். சூட்டில் அரக்கு இளகும், மரம் ஊறி வெடிக்கும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும். பல் முளைத்தபின் வாரம் ஒருமுறை கடித்த இடத்தைப் பாருங்கள், அரக்கு உரிந்திருந்தால் எடுத்துவிடுங்கள்.