கவரிங் குண்டு: 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக்கு முலாம் பூசியதே போதுமா?

மாதம் நானூறு தோட்டா சுடுகிறவன் நான். டெக்ஸாஸில் எங்கள் ஊர்க் கிளப்பில் மாதம் ஒரு ஞாயிறு யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற துப்பாக்கிச் சங்கத்தின் போட்டி, நடுவில் இரண்டு மூன்று பயிற்சி. கடைத் தோட்டா கட்டுப்படியாகாமல் நாலு வருஷத்துக்கு முன்னால் நானே தோட்டா செய்துகொள்ள கராஜில் ஒரு டில்லன் 550 பிரஸ் மாட்டினேன். பித்தளைக் கூடு தரையில் பொறுக்கியது, காசில்லை. தீப்பொறி தரும் பிரைமர், வெடிக்கும் பவுடர் இரண்டும் கிடைத்த விலைக்கு வாங்க வேண்டியவை. பேரம் பார்க்க மிஞ்சுவது கூட்டின் முனையில் உட்கார்ந்து பறக்கும் குண்டு மட்டும்தான்.

முழு ஜாக்கெட் குண்டு என்றால் காரீயத்தின் மேல் செம்புத் தகட்டைச் சட்டை மாதிரி போட்டு அழுத்தியது. முலாம் குண்டுக்குச் சட்டை கிடையாது. அச்சில் அடித்த காரீயத்தின் மேல் மின்சாரம் பாய்ச்சிச் செம்பைப் படியவைத்து, மறுபடி அச்சில் அடித்து அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால் கவரிங் நகை. என் மனைவி சிதம்பரத்துக்காரி, முதல் பெட்டியைப் பிரித்ததும் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “உங்களுக்கும் கவரிங்தானா?” என்றாள்.

ஆனால் இந்தக் கவரிங்கில் ஒரு சௌகரியம் உண்டு. சாதாரண ஜாக்கெட் குண்டின் அடியில் காரீயம் திறந்தே இருக்கும். முலாம் அடியையும் சேர்த்து மூடிவிடும். கூரை போட்ட உள்ளரங்கில் காரீயப் புகையை மூச்சில் இழுத்துக்கொண்டு சுடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

நான் இப்போது வாங்குவது யூட்டாவிலிருந்து வரும் பெர்ரிஸ் கம்பெனிக் குண்டு, 124 கிரெயின் (சுமார் எட்டு கிராம்) எடை, உருண்டை மூக்கு, அடியில் குழி விட்ட தடிமுலாம் ரகம். ஆயிரமாக எடுத்தபோது ஒரு குண்டு பத்து சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே விழுந்தது. சாதா முலாம் ரகத்துக்கு நொடிக்கு 1,250 அடி வேகம்தான் எல்லை என்று அவர்களே சொல்கிறார்கள், தடிமுலாமுக்கு 1,500. எனக்கு அவ்வளவு தேவையே இல்லை. போட்டியில் மைனர் என்ற குறைந்த சக்திப் பிரிவுக்கு, குண்டின் எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் குறைந்தது 125 வர வேண்டும். நான் 1,050 அடியில் ஓட்டுகிறேன், 130 வருகிறது. பிறகு எதற்குத் தடிமுலாம்? அதற்கு என் முட்டாள்தனம்தான் காரணம்.

முதலில் வாங்கியது வேறொரு கம்பெனியின் சரக்கு, பெயர் வேண்டாம். விலை இன்னும் இரண்டு சென்ட் குறைவு. தராசில் இருபதை நிறுத்துப் பார்த்தேன்: சிலது 122, ஒன்று கிட்டத்தட்ட 126. இரண்டு குண்டில் முலாம் கொப்புளம் மாதிரி எழும்பியிருந்தது. சரி, பயிற்சிக்குத்தானே என்று இருநூறு தோட்டா போட்டேன். பிரஸ்ஸில் கூட்டை அழுத்தி வடிவாக்கும் டையை, ஜாக்கெட் குண்டுக்கு வைத்திருந்த அளவிலிருந்து மாற்றவே இல்லை. கூட்டின் வாயை நன்றாக இறுக்கினால் நல்லதுதானே என்று நினைப்பு. 15 கஜத்தில் காகிதத்தைப் பார்த்தால் ஓட்டைகள் வட்டமாக இல்லை. சாவித் துவாரம் மாதிரி நீளநீளமாகக் கிழிந்திருந்தன. குண்டு பக்கவாட்டில் போய் அடித்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து ஒரு தோட்டாவைச் சுத்தியல் புல்லரில் போட்டுத் தட்டிக் குண்டைக் கழற்றினேன். இடுப்பில் மோதிரம் போட்டது போல ஒரு கோடு. நகத்தால் நெருடினால் செம்பு அறுந்து உள்ளே சாம்பல் நிறக் காரீயம் தெரிந்தது. இதில் கம்பெனியின் தப்பு பாதிகூட இல்லை. ஜாக்கெட் தாங்கும் இறுக்கத்தை முலாம் தாங்காது. மிச்சமிருந்த நூற்று நாற்பதையும் தட்டித் தட்டிக் கழற்றியதில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, என்ன, தச்சு வேலையா என்று கேட்டார்.

அதிலிருந்து, கூட்டின் வாயைக் குண்டு சுரண்டாமல் உள்ளே இறங்கும் அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாக விரிக்கிறேன். கடைசி டையில் அந்த விரிப்பை நிமிர்த்துவதோடு சரி, 0.379 அங்குலம், அதற்கு மேல் இறுக்குவதில்லை. புதுப் பெட்டி பிரித்தால் முதல் தோட்டாவிலிருந்து குண்டைக் கழற்றிக் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். தடிமுலாம் என் கை செய்யும் தப்பைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறது. அந்தக் கூடுதல் காசு அதற்குத்தான்.

என்னுடைய துப்பாக்கி சி.இஸட். 75. அதன் பீப்பாயில் குண்டு உட்காரும் தொண்டை குட்டை. மூக்கு தடித்த தட்டைமுனைக் குண்டைத் தோட்டா செய்யும் கையேட்டில் சொன்ன மொத்த நீளத்துக்குப் போட்டால் முட்டிக்கொண்டு நிற்கும். நீளத்தைக் குறைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும், பவுடரைத் திரும்பக் குறைந்த அளவிலிருந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும். அதனால்தான் உருண்டை மூக்கு. பீப்பாயைத் தனியே கழற்றித் தோட்டாவைப் போட்டால் ‘டிங்’ என்று விழுந்து, விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும்.

பாலிமர் பூச்சுக் குண்டு இன்னும் மலிவு, உண்மைதான். வெளியில் மட்டும் சுடுகிறவர்கள் அதையே எடுக்கலாம். எனக்கு அந்தப் புகை பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் அடுத்த ஆயிரம் வந்தது. பெட்டி செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிசு, எடை எட்டு கிலோ. பார்சல்காரர் வாசலில் வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “இதற்குள்ளே என்னதான் வாங்குகிறீர்கள்?” என்றார். பின்னாலிருந்து பதில் சொன்னது என் மனைவி.

“கவரிங்.”