டேட்லேண்டில் ஒரு பேரீச்சம்பழ ஷேக்

தொழிலாளர் தின விடுமுறைக்கு ஃபீனிக்ஸிலிருந்து சான் டியாகோவுக்குக் காரில் கிளம்பினோம். சுமார் 570 கிலோமீட்டர். அரிசோனா பாலைவனத்தில், யூமா நகருக்கு ஒரு மணி நேரம் முன்னால், 8-ஆம் எண் நெடுஞ்சாலையோரம் இருக்கிறது டேட்லேண்ட். இங்கே கிடைக்கும் பேரீச்சம்பழ ஷேக்குக்காகவே வண்டியை நிறுத்தலாம். ஐஸ்கிரீமோடு பழத்தைச் சேர்த்து அடித்துத் தருகிறார்கள். கெட்டியாக இருக்கும், குட்டிக் குட்டித் துண்டுகள் பல்லில் படும். முதல் வாய் குடித்ததுமே அம்மா, "கருப்பட்டி வாசம் வருதுடா" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு கோப்பை இரண்டு பேருக்குத் தாராளம்.

அப்புறம், மெட்ஜூல் ரகப் பேரீச்சம்பழம் ஒரு பெட்டி கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். யூமாவைத் தாண்டி மணல்மேடுகள், பிறகு மலையேற்றம் என்று வழி நீளம். எங்கள் பெட்டியின் கடைசிப் பழங்களை சான் டியாகோவின் ஓஷன் பீச் மணலில் உட்கார்ந்து, அலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம்.