ஸ்லைஸைத் திருத்த எது முதலில்: கிளப் முகமா, ஸ்விங் பாதையா?

கோல்ஃப் பயிற்சித் திடலில் ஒருவருடைய பந்து திரும்பத் திரும்ப வலப்பக்கம் வளைந்து ஓடினால் (இதற்குப் பெயர்தான் ஸ்லைஸ்), பக்கத்தில் நிற்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். "வெளியிலிருந்து வெட்டி அடிக்கிறீர்கள், உள்ளிருந்து அடித்துப் பாருங்கள்" என்பார் ஒருவர். "முகம் திறந்து கிடக்கிறது, கிரிப்பை மாற்றுங்கள்" என்பார் இன்னொருவர். முதலாமவர் சொல்வது ஸ்விங் பாதையை, அதாவது கிளப் தலை போகும் திசையை; வெட்டி அடித்தால் அது இலக்குக்கு இடப்பக்கம் போகும். இரண்டாமவர் சொல்வது கிளப் முகத்தை, அதாவது பந்தில் படும் தட்டைப் பக்கத்தை; அது வலப்பக்கம் பார்த்தால் திறந்த முகம், இடப்பக்கம் பார்த்தால் மூடிய முகம். கிரிப் என்பது கிளப்பைப் பிடிக்கும் விதம். இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம். ஆனால் இரண்டையும் ஒன்றாகச் செய்யப் போனால் எது பலித்தது, எது கெடுத்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. முதலில் எதில் கை வைப்பது? என் ஓட்டு பெரும்பாலும் முகத்துக்குத்தான். பாதையை முதலில் தொட வேண்டிய ஆட்டக்காரர்களும் உண்டு, அவர்களைப் பற்றியும் சொல்கிறேன். கீழே வரும் இடம், வலம் எல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கானவை. இடக்கையர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கிளப்பும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் சுமார் அரை மில்லி நொடி. அந்தக் கணத்தில் முகம் எங்கே பார்க்கிறது, கிளப் தலை எந்தத் திசையில் போகிறது என்ற இரண்டும்தான் பந்தின் போக்கை முடிவு செய்கின்றன. பந்து கிளம்பும் திசையில் முகத்துக்கே பெரும்பங்கு: டிரைவரில் (வெகுதூரம் அடிக்கும் நீளக் கிளப்) ஏறக்குறைய 85 சதவீதம், அயர்ன்களில் (இரும்புத் தலைக் கிளப்புகள்) 75 சதவீதம். மிச்சம்தான் பாதைக்கு. வளைவு வேறு கணக்கு. முகத்துக்கும் பாதைக்கும் உள்ள இடைவெளிதான் வளைவு. பாதையைவிட முகம் வலப்பக்கம் பார்த்தால் பந்து வலப்பக்கம் வளையும், இடப்பக்கம் பார்த்தால் இடப்பக்கம் வளையும்.

பழைய பாடம் இதற்கு நேர்மாறாக இருந்தது. பந்து பாதையின் திசையில் கிளம்பி, முகம் பார்க்கும் இடத்துக்கு வளைந்து வந்து சேரும் என்றுதான் பல பத்தாண்டுகள் சொல்லிக்கொடுத்தார்கள். டாப்ளர் ரேடார் கருவிகள் பயிற்சித் திடல்களுக்கு வந்த பிறகுதான் அது உடைந்தது. பழைய பாடத்தை நம்பி ஒரு மரத்தைச் சுற்றி அடித்துப் பார்த்தால் விஷயம் புரியும். முகத்தை மரத்துக்குப் பின்னால், குழியில் நட்டிருக்கும் கொடியை நோக்கி வைத்துவிட்டு, உடலை மட்டும் இடப்பக்கம் திருப்பி நின்று அடிப்பீர்கள். பந்து கிட்டத்தட்ட முகம் பார்த்த திசையிலேயே கிளம்பும். அதாவது நேராக மரத்துக்குள்.

2012 மாஸ்டர்ஸ் போட்டியின் பிளேஆஃபில் (சமநிலையை உடைக்க ஆடும் கூடுதல் குழிகளில்) பப்பா வாட்சன் 10ஆவது குழியில் மரங்களுக்குள் இருந்து அடித்த வெட்ஜ் (பந்தை உயரமாகத் தூக்கும் கிளப்) ஷாட் இதற்கு நல்ல உதாரணம். அவர் இடக்கையர் என்பதால் அவருடைய ஹுக் (ஸ்லைஸுக்கு எதிர்ப்பக்க வளைவு) வலப்பக்கம் திரும்பும். பந்து மரங்களுக்கு இடையே இருந்த வழியாக, கிரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள புல்தரை) வெகு இடப்பக்கமாகக் கிளம்பி, பிறகு பெரிதாகத் திரும்பி கிரீனில் வந்து நின்றது. முகம் கிரீனைப் பார்த்திருந்தால் அந்த வழியே கிடைத்திருக்காது. முகம் மரங்களின் இடைவெளியைப் பார்த்தது, பாதை அதையும் தாண்டி இன்னும் இடப்பக்கம் போனது. லூயி உஸ்தாய்சனை அவர் வென்றது அந்தக் குழியில்தான்.

சரி, இப்போது ஒரு ஸ்லைஸ்காரரை எடுத்துக்கொள்வோம். கையில் டிரைவர். பாதை இலக்குக்கு 4 டிகிரி இடப்பக்கம், முகம் 3 டிகிரி வலப்பக்கம். மேலே சொன்ன விகிதப்படி பந்து சுமார் 2 டிகிரி வலப்பக்கமாகக் கிளம்பும். முகத்துக்கும் பாதைக்கும் நடுவில் 7 டிகிரி இடைவெளி இருப்பதால் அங்கிருந்து இன்னும் வலப்பக்கம் வளைந்து மரக்கூட்டத்துக்குள் போய்விடும்.

முதல் வழி, பாதையை மட்டும் திருத்துவது. பெரும்பாடுபட்டு அவர் பாதையை 0 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் அதே 3 டிகிரி வலப்பக்கம்தான். இடைவெளி 3 ஆகக் குறைந்துவிட்டது, வளைவும் குறைந்துவிட்டது. ஆனால் பந்து இப்போது சுமார் 2.5 டிகிரி வலப்பக்கமாகக் கிளம்புகிறது, முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. வலப்பக்கம் கிளம்பி, மேலும் வலப்பக்கம் வளைகிறது. அடித்தவர் கண்ணுக்கு என்ன தெரியும்? "பந்து இன்னும் வலப்பக்கம்தானே போகிறது" என்பதுதான். அடுத்த அடியில் அவர் உடல் தானாகவே இடப்பக்கம் இழுத்து அடிக்கும். கஷ்டப்பட்டுத் திருத்திய பாதை பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

இரண்டாவது வழி, பாதையைத் தொடாமல் முகத்தை மட்டும் மூடுவது. பாதை அதே 4 டிகிரி இடப்பக்கம். முகம் 2 டிகிரி இடப்பக்கம் வந்துவிட்டது. பந்து சுமார் 2.3 டிகிரி இடப்பக்கமாகக் கிளம்பி, இடைவெளி 2 டிகிரிதான் என்பதால் மெதுவாக வலப்பக்கம் திரும்பும். அதாவது ஒரு ஃபேட். ஃபேர்வேயில் (நடுவே வெட்டிவிட்ட புல்பாதை) நிற்கும். அழகான ஸ்விங் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் இதை வைத்து ஆட முடியும். முகம் இன்னும் கொஞ்சம் மூடினால் பந்து நேராக இடப்பக்கம் பறக்கும். அதைப் பார்த்ததும் உடல் தானாகவே பாதையை வலப்பக்கம் நகர்த்தப் பார்க்கும். முகம் முதலில் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். பெரும்பாலான ஸ்லைஸ்காரர்களின் வெட்டுப் பாதை முதல் நோயே அல்ல. திறந்த முகத்தால் வலப்பக்கம் போன பந்துகளைச் சமாளிக்க உடல் கற்றுக்கொண்ட தந்திரம் அது.

உழைப்பிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முகத்துக்கு முதல் மருந்து கிரிப். கிளப்பைப் பிடித்தபடி குனிந்து இடக்கையைப் பார்த்தால் ஒரே ஒரு விரல் மூட்டுதான் தெரிகிறது என்றால், இரண்டு அல்லது மூன்று தெரியும்வரை கையை வலப்பக்கமாகத் திருப்பிப் பிடியுங்கள். அடுத்தது மணிக்கட்டு. பேக்ஸ்விங்கின் (கிளப்பைப் பின்னால் தூக்கும் அசைவின்) உச்சியில் இடக்கை மணிக்கட்டு புறங்கைப் பக்கமாக மடிந்திருந்தால் முகம் திறக்கும், உள்ளங்கைப் பக்கமாக வளைந்திருந்தால் மூடும். டஸ்டின் ஜான்சனைப் பாருங்கள். உச்சியில் அவர் மணிக்கட்டு அவ்வளவு வளைந்து, முகம் கிட்டத்தட்ட வானத்தைப் பார்க்கும். பிறகு உடலை வேகமாகத் திருப்பி அந்த முகத்தை அப்படியே பிடித்துக்கொண்டு வந்து ஃபேட் அடிக்கிறார். 2020 மாஸ்டர்ஸை 268 அடிகளில் வென்றவர்.

பென் ஹோகன் எதிர்த் திசையில் போனவர். அவரை வாட்டியது ஹுக். கையை இடப்பக்கமாகத் திருப்பிப் பிடித்து, உச்சியில் இடது மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாக மடித்து, முகம் மூடுவதைக் கட்டுப்படுத்தினார். 1955இல் லைஃப் இதழில் அவர் வெளியிட்ட 'ரகசியத்தின்' மையமே அந்த மணிக்கட்டுதான். உலகத்தின் மிகச் சீரான ஸ்விங் என்று பேர் வாங்கியவர்கூடக் கடைசியில் முகத்தில்தான் கை வைத்தார்.

கிரிப்பை மாற்றினால் முதல் சில பந்துகள் அசிங்கமாகப் போகும், கை அந்நியமாக இருக்கும். ஆனாலும் விளைவை அன்றைக்கே பார்த்துவிடலாம். பாதை அப்படியல்ல. தோள், இடுப்பு, எடை மாறும் வரிசை என்று முழு உடலும் அதில் இருக்கிறது. வாரக்கணக்கில் ஆகும். ஆனால் ஒன்று, ஒருமுறை மாறிவிட்டால் பாதை ஓரளவு நிலையாக இருக்கும். முகமோ பந்தை நெருங்கும்போது நொடிக்கு ஆயிரக்கணக்கான டிகிரி வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கிறது. கொஞ்சம் முன்பின் ஆனாலும் 1 டிகிரி தவறிவிடும். 250 கஜத்தில் அந்த 1 டிகிரி நாலு கஜத்துக்கும் மேலான விலகல்.

பாதை எப்படி இருந்தாலும் பரவாயில்லையா என்று கேட்டால், ஜிம் ஃபியூரிக்கைக் காட்டலாம். கிளப்பை நெட்டாகத் தூக்கி, ஒரு வளையம் போட்டு, உள்ளே இறக்கி அடிப்பவர். அந்த ஸ்விங்கை வைத்தே 2003 யூ.எஸ். ஓபனை வென்றார், 2016இல் ஒரு சுற்றை 58 அடிகளில் முடித்தார். அவருடைய வளையம் எல்லாம் பந்துக்கு வெகு முன்னாடியே முடிந்துவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். பந்தைத் தொடும் இடத்தில் பாதையும் முகமும் ஒழுங்காகவே இருக்கும். மேலே என்ன கூத்து நடக்கிறது என்பது பந்துக்குத் தெரியாது.

### பாதை முதலில் வர வேண்டிய இடங்கள்

முதலாவது, ஹுக்காரர்கள். பாதை 8 டிகிரி வலப்பக்கம், முகம் 3 டிகிரி வலப்பக்கம் என்றால் பந்து வலப்பக்கம் கிளம்பி இடப்பக்கம் சுருண்டு விழும். முகத்தைத் திறந்து 5 டிகிரிக்குக் கொண்டுபோனால் சுருள்வது குறையும், ஆனால் பந்து சுமார் 5.5 டிகிரி வலப்பக்கமாகக் கிளம்பி, முழுதாகத் திரும்பி வராமல் அங்கேயே நின்றுவிடும். இடப்பக்கக் காட்டுக்குப் பதில் வலப்பக்கக் காடு. பாதை 3 அல்லது 4 டிகிரிக்கு இறங்கினால்தான் முகத்துக்கு ஒரு வழி பிறக்கும்.

இரண்டாவது, வெட்டுப் பாதை 10 டிகிரி அளவுக்கு முற்றிப்போனவர்கள். முகத்தைப் பாதையோடு ஒட்ட வைத்தால் பந்து நேராக இடப்பக்கம் பறக்கும். இலக்கைப் பார்க்க வைத்தால் மாபெரும் ஸ்லைஸ். நடுவில் எங்கே வைத்தாலும் தூரம் குறைந்துவிடும்.

ஸ்விங்கையே மாற்றுவதற்கு முன் பந்து இருக்கும் இடத்தைப் பாருங்கள். கிளப் தலை ஒரு வளைவில்தான் நகர்கிறது. பந்தை அளவுக்கு மீறி முன்காலுக்கு அருகில் வைத்தால் கிளப் இடப்பக்கம் திரும்ப ஆரம்பித்த பிறகுதான் பந்தைத் தொடும். ஸ்விங் சரியாக இருந்தும் பாதை கெட்டதாகத் தெரியும். தோள் இடப்பக்கம் பார்த்து நிற்பதும் அப்படியே. இந்த இரண்டையும் சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். அதற்குப் பிறகும் வெட்டு மாறவில்லை என்றால், பந்துக்குச் சற்றுப் பின்னால், வெளிப்பக்கமாக ஒரு கிளப் உறையை வைத்து, அதைத் தொடாமல் அடித்துப் பழகலாம்.

எந்த வழியில் போனாலும், பந்து முகத்தில் எங்கே படுகிறது என்று பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். டிரைவரில் முனைப்பக்கம் (தண்டிலிருந்து தள்ளியிருக்கும் ஓரம்) பட்டால் பந்து இடப்பக்கம் வளையும், குதிப்பக்கம் (தண்டை ஒட்டிய ஓரம்) பட்டால் வலப்பக்கம் வளையும். முகமும் பாதையும் கச்சிதமாக இருந்தும் குதியில் பட்ட பந்து ஸ்லைஸ் மாதிரியே போகும். அப்படி அடித்தவரைப் பிடித்து கிரிப்பை மாற்றச் சொல்வது அநியாயம். முகத்தில் கொஞ்சம் பவுடர் தூவி அடித்தால் தடம் தெரிந்துவிடும்.

கருவி இல்லாமல் சோதிக்க, பந்துக்கு மூன்று மீட்டர் முன்னால், இலக்கு நோக்கிய கோட்டில் ஒரு குச்சியை நட்டுவிடுங்கள். பந்து குச்சிக்கு எந்தப் பக்கமாகக் கிளம்புகிறது என்பது முகத்தைச் சொல்லும். அங்கிருந்து எந்தப் பக்கம் வளைகிறது என்பது பாதையையும் சேர்த்துச் சொல்லும். இதை வெட்ஜில் மட்டும் செய்யாதீர்கள். லாஃப்ட் (முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) கூடக் கூட, அதே இடைவெளிக்குக் கிடைக்கும் வளைவு குறைந்துவிடும். வெட்ஜில் நேராகப் போகிறது, டிரைவரில் மட்டும் ஸ்லைஸ் என்று புலம்புபவர்களின் ஸ்விங் பெரும்பாலும் இரண்டிலும் ஒன்றுதான். வெட்ஜ் மறைக்கிறது, டிரைவர் காட்டிக்கொடுக்கிறது. 6ஆம் எண் அயர்னில் ஆரம்பித்து, குச்சிக்கு எந்தப் பக்கம் கிளம்பின, எந்தப் பக்கம் வளைந்தன என்று பத்துப் பந்துகளுக்காவது குறித்துக்கொண்டு, அப்புறம் கிரிப்பைத் தொடுங்கள்.