சீரியல் முகங்களை வெளியே தேடிப்போன பன்னிரண்டு வருஷம்

2013-இல் 'ராஜா ராணி' வந்தபோது அம்மாவைத் தியேட்டருக்கு அழைத்துப் போயிருந்தேன். நயன்தாரா வாயைத் திறந்து இரண்டு வசனம் பேசியிருப்பார், அம்மா என் முழங்கையை இடித்தாள். "டேய், இது உஷா குரல்டா." எந்த உஷா என்று நான் யோசிப்பதற்குள், "கோலங்கள் உஷாடா, அபியோட சிநேகிதி" என்றாள். பின்வரிசையிலிருந்து யாரோ 'உஷ்' என்றார்கள். அதையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டு அம்மா திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து தேடினால் அம்மா சொன்னது அப்படியே சரி. 'கோலங்கள்' தொடரில் உஷாவாக வந்த தீபா வெங்கட்தான் அந்தப் படத்தில் நயன்தாராவுக்குப் பின்னணிக் குரல். 2003 முதல் 2009 வரை ராத்திரிச் சாப்பாட்டோடு சேர்த்துக் கேட்ட குரல். எனக்குத் தெரியவில்லை, அம்மாவுக்குத் தெரிந்தது.

அன்றைக்குத் தொடங்கிய பழக்கம் இது. அம்மா பார்க்கிற தொடரில் ஒருவர் நன்றாக நடித்தால், அவர் வேறென்ன செய்கிறார் என்று தேடுவது. சினிமா, மேடை, டப்பிங், எழுத்து, சொற்பொழிவு, எதுவானாலும் சரி. எல்.ஐ.சி. டைரி ஒன்றில் பெயர் எழுதி, எதிரே பார்த்ததைக் குறித்துவைப்பேன். இப்போது மூன்றாவது டைரி ஓடுகிறது. இப்படித் தேடுவதில் லாபம் உண்டா, எங்கே நேரம் வீண் என்று நண்பர்கள் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

சினிமாவில் தேடுவது சுலபம், ஆனால் கிடைப்பது குறைவு. 'கல்யாணம் முதல் காதல் வரை'யிலிருந்து பிரியா பவானி சங்கர் 2017-இல் 'மேயாத மான்' போனதும், 'தெய்வமகள்' வாணி போஜன் 2020-இல் 'ஓ மை கடவுளே'யில் வந்ததும், 'சரவணன் மீனாட்சி' கவின் 'டாடா' வரைக்கும் போனதும் நாம் தேடாமலே நம் காதுக்கு வந்துவிடும். கதாநாயகன், கதாநாயகி ஆனவர்களைப் பின்தொடர டைரி எதற்கு? போஸ்டர் போதும்.

துணைப் பாத்திரங்களில்தான் விஷயம் இருக்கிறது. சேத்தனை எடுத்துக்கொள்ளுங்கள். நாகா இயக்கிய 'மர்மதேசம் – விடாது கருப்பு' பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவர் தொண்ணூறுகளின் முகம். அப்புறம் எத்தனையோ தொடர்களில் நல்ல கணவர், பொறுப்பான அண்ணன். 2023-இல் 'விடுதலை' முதல் பாகத்தில் காவல்துறை அதிகாரியாக அவர் வந்ததைப் பார்த்துவிட்டு அம்மா ஒரு வாரம் அவர் பெயரைச் சொல்லவில்லை. குரலை உயர்த்தாமல், சட்டை கசங்காமல் ஒரு மனிதர் இவ்வளவு கொடூரமாக இருக்க முடியுமா என்று எனக்கே உதறல். இருபத்தைந்து வருஷமாக அந்த ஆள் உள்ளே இருந்திருக்கிறார், யாரும் கேட்கவில்லை. அதே 'விடாது கருப்பு'வில் நடித்த தேவதர்ஷினி (இருவரும் நிஜத்தில் தம்பதி) போனது நேரெதிர்த் திசை. 'காஞ்சனா'வில் கோவை சரளாவுக்கு ஈடுகொடுத்துச் சிரிக்கவைத்தார். '96' படத்தில் பள்ளித் தோழியாக வந்தார், சின்ன வயசுத் தோழியாக அவருடைய மகளே நடித்தார். மூக்கையும் முழியையும் பார்த்து அம்மா கண்டுபிடித்தாள், நான் டைட்டிலைப் பார்த்து உறுதி செய்தேன்.

ஆனால் இந்த டைரியில் அதிகப் பக்கம் பிடித்தவர் மாரிமுத்து. 2022-இல் 'எதிர்நீச்சல்' தொடர் தொடங்கியதும் அதில் அவர் நடித்த ஆதி குணசேகரன் எங்கள் வீட்டுக் கூடத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா டிவியைப் பார்த்துத் திட்டுவாள், திட்டிவிட்டு சவுண்டைக் கூட்டுவாள். இவர் 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' படங்களை இயக்கியவர் என்று நான் சொன்னபோது, "இவனா? யாரு இவன் சொன்னதக் கேட்டு நடிச்சா?" என்றாள். சரி என்று 'பரியேறும் பெருமாள்' போட்டுக் காட்டினேன். 2018-இல் வந்த படம், அதில் கதாநாயகியின் அப்பா அவர். கல்யாண மண்டபத்தில் தனியறையில் மகளோடு படிக்கிற பையனைச் சொந்தக்காரர்கள் அடிக்கும்போது தடுக்கத் திராணியில்லாமல் நிற்கிற மனிதர். கடைசிக் காட்சியில் அதே பையனின் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் பேசுகிறவர். தொடரில் அவருடைய பலம் முழுவதும் நிமிர்ந்த கழுத்திலும், ஆளை மேலும் கீழும் அளக்கிற பார்வையிலும். படத்தில் அந்தக் கழுத்தே இல்லை. தோள் இறங்கி, சட்டைக்குள் ஆள் சின்னதாகிவிட்டிருக்கிறார். அம்மா படம் முடியும் வரைக்கும் திட்டவில்லை. மறுநாள் ராத்திரி தொடரில் குணசேகரன் கத்தியபோது, "பாவம், நல்லாத்தான் நடிக்கிறான்" என்றாள். அவளிடமிருந்து இதற்கு மேல் விருது கிடையாது.

2023 செப்டம்பர் 8 காலை, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து அவர் போய்விட்டார். அவர் நடித்த 'ஜெயிலர்' வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்றைக்கு எங்கள் தெருவில் அவரைத் திட்டாத வீடும் இல்லை, அழாத வீடும் இல்லை. அவர் இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். 'மதயானைக் கூட்டம்' படத்தில் பார்த்த முகம். அதற்கும் முன்னால் அவர் எழுத்தாளர். பெருநாழிக்காரர், 'குற்றப் பரம்பரை' எழுதியவர். ஒரு சீரியல் பாத்திரத்தைத் துரத்திக்கொண்டு போய் நான் புத்தகக் கண்காட்சியில் நாவல் வாங்கி வந்த கதை இப்படித்தான் நடந்தது. புது குணசேகரனை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. நாவலை நான் சத்தமாக வாசித்தபோது பிடித்தது.

மேடைக்கு வருகிறேன். செலவு அதிகம் வைப்பது இதுதான். பணத்தைச் சொல்லவில்லை. நங்கநல்லூரிலிருந்து சனிக்கிழமை மாலை ஆழ்வார்பேட்டைக்கோ தி.நகருக்கோ போய், வண்டி நிறுத்த இடம் தேடி, ஒன்பதரைக்குத் திரும்புவதைச் சொல்கிறேன். ஆனால் ஒரு தடவை பார்த்துவிட்டால் சீரியலைப் பழையபடி பார்க்க முடியாது. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் கோடை நாடக விழா நாரத கான சபாவில் நடக்கும்போது புது நாடகங்களாக வரும். நோட்டீஸில் நடிகர் பட்டியலைப் பார்த்தால் நாலைந்து பெயராவது வீட்டு டிவியில் தெரிந்த பெயராக இருக்கும்.

அப்படி ஒரு விழாவில் பார்த்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். பத்து வருஷமாகத் தொடர்களில் அழுகிற அம்மாவாக மட்டுமே வருபவர். நாடகத்தில் அவர் வாயாடிக் குடித்தனக்காரி. ஒன்பது கஜம் இல்லை, சாதாரணப் புடவைதான், கொடியிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டே வீட்டுக்காரரிடம் வாடகை பாக்கிக்கு ஒவ்வொரு காரணமாகச் சொல்கிறார். ஒரு பொய்க்கு ஒரு மடிப்பு. கடைசிப் பொய் சொல்லும்போது புடவை கைக்குட்டை அளவுக்கு வந்துவிட்டது, அதை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சபாவே கைதட்டியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது, இத்தனை வருஷத்தில் இவருடைய கைகளை நான் பார்த்ததே இல்லை. கால்களையும்தான். சீரியலில் முகம் மட்டும்தான் வரும். அந்த முகத்தையும் இடது பக்கம் ஒரு தரம், வலது பக்கம் ஒரு தரம், நேராக ஒரு தரம் என்று காட்டிவிட்டு விளம்பரத்துக்குப் போய்விடுவார்கள். இன்னொன்று, தொடர் ஷூட்டிங்கில் உதவி இயக்குநர் ப்ராம்ப்ட் செய்வார், கேட்டுச் சொன்னால் போதும். மேடையில் இரண்டு மணி நேர வசனமும் தலைக்குள் இருந்தாக வேண்டும்.

மேடையிலிருந்து வந்த பழைய ஆட்களிடம் இது உடனே தெரியும். காத்தாடி ராமமூர்த்தியின் 'காத்தாடி'யே சோ நாடகம் ஒன்றில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர். அவருடைய குழுவில் நடித்தவர் டெல்லி கணேஷ். விமானப் படையில் வேலை, டெல்லியில் தட்சிண பாரத நாடக சபா, பிறகு சென்னை மேடை, 1977-இல் 'பட்டினப் பிரவேசம்'. 2024 நவம்பரில் இறக்கும்வரை சினிமா, சீரியல், டப்பிங், யூடியூப் என்று எதையும் விடவில்லை. அவர் நடித்த எந்தத் தொடரிலும் பாருங்கள், எதிராளி பேசும்போது அவர் கவனிக்கிற விதமே தனி.

மேடையில் ஏமாந்ததும் உண்டு. ஒரு குழுவின் நாடகத்துக்கு, நோட்டீஸில் பெரிய எழுத்தில் போட்டிருந்த சீரியல் நடிகைக்காகவே ஆளுக்கு 300 ரூபாய் கொடுத்து நான்கு டிக்கெட் வாங்கினேன். திரை விலகினால் வேறு யாரோ. ஒரு அறிவிப்பும் இல்லை. இடைவேளையில் கேட்டால், "ஷூட்டிங் முடியல சார், கால்ஷீட் ஒன்பது மணி வரைக்கும்" என்று சாவகாசமாகச் சொன்னார்கள். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை படப்பிடிப்பு என்பது அவர்களுக்கு நேற்றுத் தெரிந்த விஷயமா? மாற்றாக வந்த பெண் கையில் காகிதம் இல்லாமல் முழுப் பாத்திரத்தையும் பேசி முடித்தார். அவருக்காக எழுந்து கைதட்டினேன். அதற்குப் பிறகு எந்த நாடகமானாலும் அன்று மதியம் சபாவுக்கு ஒரு போன் போட்டுவிடுகிறேன்.

வேறு வகை ஆட்களும் உண்டு. மோகன் ராமன் எத்தனை தொடரில் வக்கீலாக, டாக்டராக, பணக்கார அப்பாவாக வந்திருப்பார். அவர் பழைய தமிழ் சினிமா வரலாறு பேசுகிற கூட்டத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். வசனம் எழுதிக் கொடுக்க ஆளே தேவையில்லை என்று தெரியும்.

உருப்படியில்லாத வழியென்று நான் சொல்வது இன்ஸ்டாகிராம். பிடித்த நடிகர்களையெல்லாம் பின்தொடர்ந்தேன். ஆறு மாதத்தில் எனக்குத் தெரிந்தது எந்தக் கடையில் புடவைத் தள்ளுபடி, எந்த சீரம் தடவினால் முகம் மினுக்கும் என்பதுதான். நாடகம் நடிக்கிற தேதி மட்டும் நாடகம் முடிந்த மறுநாள் போட்டோவோடு வரும்.

காசே இல்லாமல் கிடைப்பது குரல். ஆனால் அதற்குத்தான் பொறுமை வேண்டும். டப்பிங் கலைஞர் பெயர் டைட்டிலில் வருவதே அபூர்வம், வந்தாலும் கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். ஓ.டி.டி.யில் அதற்கும் முன்னாலேயே அடுத்த எபிசோடு தொடங்கிவிடும். இதில் எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. பெங்களூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து நடிக்கிற பல கதாநாயகிகளுக்குத் தொடரில் வேறொருவர் குரல்தான். அவர்கள் பண்டிகை நாள் சிறப்பு நிகழ்ச்சியில் சொந்தக் குரலில் பேசும்போது அம்மா திடுக்கிட்டு, "யாருடி நீ?" என்பாள். நான்கு வருஷம் மருமகளாக வீட்டுக்கு வந்துபோனவள் திடீரென்று அந்நியமாகிவிடுவாள். அப்போது என் தேடல் இரண்டாகும், முகத்துக்கு ஒரு வரி, குரலுக்கு ஒரு வரி.

கண்புரை அறுவைக்குப் பிறகு அம்மா டிவியை அதிகம் பார்ப்பதில்லை. நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டுக்கொண்டு, கீரை ஆய்ந்தபடி கேட்கிறாள். போன வாரம் ரேடியோவில் ஒரு நகைக்கடை விளம்பரம். காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றது. "இது மெட்டி ஒலி பொண்ணுடா" என்றாள். எந்தப் பெண் என்று கேட்டேன். அந்த வீட்டில் ஐந்து பெண்கள் ஆயிற்றே. "அழுவாளே, அவ" என்றாள். ஐந்து பேரும்தான் அழுதார்கள். டைரியில் தேதி போட்டுக் கேள்விக்குறி வைத்திருக்கிறேன்.