கிணற்றுத் தண்ணீரும் மூன்று வருட அம்மோனியா சோதனையும்

தாம்பரம் பக்கம் எங்கள் வீட்டில் ஓர் உறை கிணறு உண்டு. எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட்டாலும் மறுநாள் காலையில் வாசனை இருந்த இடம் தெரியாது. தண்ணீரில் அம்மோனியா இருந்தால் பவுடரில் உள்ள குளோரினை அது தின்றுவிடும். அம்மோனியாவில் உள்ள நைட்ரஜன் ஒரு பங்குக்கு எட்டுப் பத்து பங்கு குளோரின் போகும். அந்தச் சந்தேகத்தில்தான் சோதிக்க ஆரம்பித்தேன். எதிர் வீட்டுக்காரர், "அதான் டிடிஎஸ் மீட்டர் இருக்கே சார்" என்றார். அது தண்ணீரில் கரைந்த உப்புகளை மொத்தமாகக் காட்டும் கருவி. இந்த அளவு அம்மோனியாவை அதில் பிரித்துப் பார்க்க முடியாது.

முதலில் வாங்கியது நெஸ்லர் கரைசல், அம்மோனியா இருந்தால் மஞ்சளாகவும் அதிகமானால் பழுப்பாகவும் மாறும் மருந்து. எங்கள் தண்ணீர் கடினநீர், சொட்டு விட்டதும் கலங்கிப் போனது. மஞ்சளா பழுப்பா என்றே சொல்ல முடியவில்லை. அதில் பாதரசம் வேறு இருக்கிறது, சிங்க்கில் ஊற்றவும் மனம் வரவில்லை. அந்தக் கழிவு பாட்டில் இன்னும் பரணில்தான் இருக்கிறது.

அப்புறம் மீன் தொட்டிக் கடையில் சாலிசிலேட் கிட் (அம்மோனியாவை நிறத்தால் காட்டும் இன்னொரு சோதனை) வாங்கினேன். 5 மில்லி தண்ணீர், இரண்டு புட்டியிலிருந்தும் எட்டெட்டுச் சொட்டு, குலுக்கி ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். மஞ்சள் என்றால் இல்லை, பச்சை ஏற ஏற அதிகம். டியூப் லைட்டில் எல்லாமே பச்சையாகத் தெரிகிறது. கொல்லைப்பக்க வெளிச்சத்தில், வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்ப்பதே சரி. பக்கத்தில் இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரையும் ஒரு குழாயில் சோதித்து வைத்தால் லிட்டருக்கு 0.25 மில்லிகிராமையும் பூஜ்யத்தையும் பிரிக்க முடிகிறது. நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தில் வரம்பு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், அதுவும் அம்மோனியாவில் உள்ள நைட்ரஜன் எடையை மட்டும் எடுக்கும் கணக்கில். அம்மோனியத்தின் முழு எடையைக் காட்டும் கிட்டில் அதுவே 0.64.

இரண்டாம் வருடம் மாதக்கணக்கில் சுத்த மஞ்சள். சந்தோஷமாக இருந்தேன். ஒரு நாள் தோட்டத்துக்கு வாங்கிய அம்மோனியம் சல்பேட்டில் நாலு பரல் ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுச் சோதித்தேன். அதுவும் மஞ்சள்! புட்டி காலாவதியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. புதுப் புட்டியில் கிணற்று நீர் 1 காட்டியது. இப்போதெல்லாம் உரத் தண்ணீர் பச்சையாகாமல் கிணற்றுப் பக்கமே போவதில்லை.

இந்த அளவு அம்மோனியா தானாகப் பெரிய கெடுதல் செய்வதில்லை. சாக்கடை கலக்கிறதோ என்று சந்தேகப்பட வைப்பதுதான் அதன் உபயோகம். கொதிக்க வைத்தாலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். எங்கள் வீட்டில் கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் இருபது அடிதான். திறந்து பார்த்தால் பக்கச் சுவரில் விரல் நுழையும் விரிசல்.

பூசி முடித்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. கார்த்திகை மழையிலும் 0.25-ஐத் தாண்டவில்லை, பிளீச்சிங் வாசனையும் இரண்டாம் நாள் வரை நிற்கிறது. கிருமி இருக்கிறதா என்று இந்தக் கிட் சொல்லாது. அதற்குத் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். முடிவு வரும்வரை குடிக்கக் கேன் தண்ணீர்தான்.